தெளிந்த நீரை நம்பலாமா? வீட்டு நீச்சல் குளத்தின் வேதியியல்

2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் பண்டெலேலா ரினோங், சியோங் ஜுன் ஹூங் இணை 10 மீட்டர் முக்குளிப்பில் வெள்ளிப் பதக்கம் வென்ற நாள் ஆகஸ்டு 9. அன்றைய படங்களைத் தேடிப் பாருங்கள். வீராங்கனைகள் பாயும் குளம் பச்சை நிறத்தில் இருக்கும். அதற்கு முந்தைய நாள்வரை அது நீலக் குளம். பிறகு ஏற்பாட்டாளர்கள் காரணத்தைச் சொன்னார்கள்: ஆகஸ்டு 5ஆம் தேதி யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை நீரில் ஊற்றிவிட்டார்கள். பெராக்சைடும் ஒரு கிருமிநாசினிதான், குளோரினும் ஒரு கிருமிநாசினிதான். ஆனால் இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. மிஞ்சுவது நீர், ஆக்சிஜன், குளோரைடு. காவல்காரன் இல்லாத வீட்டில் பாசி புகுந்துகொண்டது. நீரடியில் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டிய இணை நீச்சல் போட்டிக்காக, பக்கத்துக் குளத்தில் சுமார் 37 லட்சம் லிட்டர் நீரை மாற்றினார்கள்.

ஒலிம்பிக் குளத்துக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுப் பின்கட்டுக் குளம் எம்மாத்திரம்?

இந்தக் கேள்வியை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. குளத்தோடு கூடிய பழைய பங்களாவை வாங்கியவர்கள், சொந்தமாகச் சின்னக் குளம் கட்டியவர்கள் எனப் பெற்றோர் சிலர் என்னிடம் சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். “டீச்சர், இந்தக் கலர் சரியா?” என்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் படிவம் 4 வேதியியலில் காடி, காரம், மோல் கணக்கு என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். தேர்வுக்காகப் படிக்கும் அதே கணக்குதான் அப்பா கையில் இருக்கும் பெட்டிக்குள்ளும் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது.

கொள்ளளவு தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள்

கடைக்காரர் “ரெண்டு கப் போடுங்க” என்பார். எத்தனை லிட்டருக்கு இரண்டு கப்? அதைக் கேட்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 1.5 மீட்டர் ஆழம் என்றால் சராசரி 1.25. எட்டுக்கு நான்கு மீட்டர் குளம் என்று வைத்துக்கொள்வோம். 8 × 4 × 1.25 என்றால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் குளத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

சோதனைப் பெட்டியில் வரும் ‘பிபிஎம்’ என்பது மில்லியனில் ஒரு பங்கு. நீரைப் பொறுத்தவரை ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் என்று நினைவில் வைத்தால் இன்னும் எளிது. நம் குளத்தில் எந்தப் பொருளையும் 1 பிபிஎம் கூட்ட 40 கிராம் வேண்டும். அந்தப் பொருள் தூய்மையானதாக இருந்தால் அவ்வளவுதான். 65 விழுக்காடு குளோரின் தரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் என்றால் 40ஐ 0.65ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 62 கிராம். சமையலறைத் தராசு ஒன்று போதும். (அதைப் பிறகு சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள்.)

பிஎச்: குளோரினின் சாவி

பிஎச் என்ற அளவுகோலை 1909இல் டென்மார்க்கின் சோரன்சன் கொண்டுவந்தார். அவர் வேலை பார்த்தது கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில். தமிழ்ப்பள்ளியில் பூஞ்சுத்தாளை நனைத்து, சிவந்தால் காடித்தன்மை, நீலமானால் காரத்தன்மை என்று எழுதினோமே, அதற்கு எண் கொடுத்தவர் அவர். ஒரு எண் நகர்ந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு மாறும். 7க்கும் 8க்கும் இடையே கொஞ்சம்தான் வித்தியாசம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குளத்து நீர் 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம். நம் கண்ணீர் 7.4 அளவில் இருப்பதால் கண் எரியாமல் நீந்த அந்த இடம்தான் வசதி. ஆனால் கண்ணைவிடப் பெரிய காரணம் குளோரின். எந்த வடிவில் குளோரினைப் போட்டாலும் நீரில் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. அந்த அமிலத்தில் ஒரு பகுதி ஹைட்ரஜனை இழந்து ஹைப்போகுளோரைட் அயனியாக மாறும். இருவரும் ஒரே குடும்பம்தான்; வேலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அமிலத்துக்கு மின்னேற்றம் இல்லாததால் கிருமியின் சுவருக்குள் எளிதாக நுழைகிறது. அயனியோ எதிர்மின் ஏற்றம் கொண்டது. கிருமியின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின் ஏற்றம் கொண்டது. வாசலிலேயே தள்ளப்படுகிறது.

யார் எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது பிஎச். 7இல் முக்கால் பங்குக்குச் சற்று மேல் அமிலமாக இருக்கும். 7.5இல் பாதிக்குப் பாதி. 8இல் கால் பங்குதான். 8.5க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். சோதனைப் பெட்டி இந்த இருவரையும் பிரித்துப் பார்க்காது. இரண்டையும் சேர்த்து ‘3 பிபிஎம், நலம்’ என்று காட்டும். (வெயில் காப்பான் கலந்த நீரில் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் மட்டுப்படும். அதைப் பற்றிப் பிறகு.)

புதிதாகக் கட்டிய சிமெண்டுக் குளத்தில் முதல் மாதம் பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம். சிமெண்டு இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. ஆய்வகத்தில் கரியமில வாயுவைச் சோதிக்கும் அதே சுண்ணாம்பு நீர்தான் சுவரிலிருந்து மெல்லக் கசிகிறது. அந்த மாதம் அடிக்கடி அளந்து, சிறுகச் சிறுக அமிலம் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அழகுக்காக அருவி, நீரூற்று வைத்தவர்களுக்கும் பிஎச் ஏறும். குளத்து நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு, நீர் தெறிக்கும்போது வெளியேறிவிடுகிறது. மூடியைத் திறந்து வைத்த சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘காரத்தன்மை’ என்ற சொல்லின் குழப்பம்

சோதனைப் பெட்டியில் அடுத்து வருவது மொத்த ஆல்கலினிட்டி. இதைத் தமிழில் ‘காரத்தன்மை’ என்று மொழிபெயர்த்தால் வம்பு. பிஎச் 7க்கு மேல் இருப்பதையும் அப்படித்தான் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. பிஎச் என்பது நீர் இப்போது எங்கே நிற்கிறது என்பது. ஆல்கலினிட்டி என்பது அமிலம் விழும்போது நீர் எவ்வளவு தாங்கும் என்பது. ஆகவே ஆல்கலினிட்டி என்றே எழுதுகிறேன்.

தாங்குவது யார்? பெரும்பாலும் பைகார்பனேட். அமிலம் வந்தால் அதன் ஹைட்ரஜன் அயனியை விழுங்கிக் கார்பானிக் அமிலமாக மாறிக்கொள்கிறது. பிஎச் அதிகம் அசையாது. 80 முதல் 120 பிபிஎம் வரை இருந்தால் நலம். 30, 40 என்று இறங்கிவிட்ட குளத்தில் அரை கப் அமிலம் ஊற்றினாலும் பிஎச் சடாரென்று விழும். 180க்கு மேல் ஏறிவிட்டால் எதிர்ப்பக்கத் தொல்லை: பிஎச் ஓயாமல் மேலே ஏறும், இறக்கினாலும் நிற்காது.

நம் நாட்டில் குழாய் நீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருகிறது. பல இடங்களில் அது மென்மையான நீர். ஆல்கலினிட்டியும் குறைவு, கால்சியமும் குறைவு. வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு ‘கால்சியத்தை எப்படிக் குறைப்பது’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நமக்கு வழக்கமாக எதிர்க் கவலை. பெர்லிஸ் போன்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீரால் குளத்தை நிரப்புகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு.

ஆல்கலினிட்டியைக் கூட்டச் சமையல் சோடாதான் மருந்து. பேக்கரிக்கு வாங்கும் அதே சோடியம் பைகார்பனேட். ஆல்கலினிட்டியை உலகம் முழுதும் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடாக எழுதுவது வழக்கம். கால்சியம் கார்பனேட் ஒரு மோல் 100 கிராம். அது இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை ஏற்கும், ஆகவே ஒரு அயனிக்கு 50 கிராம். சமையல் சோடா ஒரு மோல் 84 கிராம். அது ஒரே ஒரு அயனியைத்தான் ஏற்கும். 84ஐ 50ஆல் வகுத்தால் 1.68. நம் குளத்தில் 10 பிபிஎம் கூட்ட 400 கிராம் × 1.68, அதாவது 672 கிராம். 40இலிருந்து 90க்கு ஏற்ற 3.36 கிலோ. இதைக் கரும்பலகையில் எழுதும்போது மாணவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். மோல் கணக்குக்கு இப்படியொரு பயன் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

பிஎச்சை இறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆல்கலினிட்டி 100 இருக்கும் 40,000 லிட்டரில் 7.8ஐ 7.5க்குக் கொண்டுவரக் கடையில் விற்கும் அடர் அமிலம் (ஏறக்குறைய 32 விழுக்காடு) கால் லிட்டருக்குச் சற்று மேல் போதும். பாதியை ஊற்றி, பம்ப் ஓட, சில மணி நேரம் கழித்து அளந்து, மீதியை ஊற்றுங்கள். அமிலம் பிஎச்சையும் ஆல்கலினிட்டியையும் சேர்த்தே இறக்கும். சமையல் சோடா ஆல்கலினிட்டியை நன்றாகவும் பிஎச்சைக் கொஞ்சமாகவும் ஏற்றும். பிஎச்சை மட்டும் ஏற்ற வேண்டுமென்றால் நீரூற்றை ஓட விடுங்கள். ஒரு காசு செலவில்லை.

பசியுள்ள நீர்

கால்சியம் குறைந்த நீர் பசியோடு இருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. சிமெண்டுப் பூச்சிலிருந்தும் ஓட்டுக் கல் இடுக்குகளிலிருந்தும் அது கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் சுவர் மணல் தாளைப்போலச் சொரசொரக்கும். எதிர்மாறாக, தெவிட்டிய நீர் தன்னிடமுள்ளதைக் கக்கும். ஓடுகளின் விளிம்பில் வெள்ளைப் படிவம் வரும்.

நீர் பசியோடு இருக்கிறதா, தெவிட்டி இருக்கிறதா என்று கணக்கிட அமெரிக்காவின் வில்ஃபிரட் லாங்கெலியர் 1936இல் ஒரு குறியீட்டைத் தந்தார். நகரக் குழாய்கள் அரித்துப் போகாமல் காக்க வந்த கணக்கு அது, குளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிஎச்சுடன் வெப்பநிலை, கால்சியம், ஆல்கலினிட்டி மூன்றுக்கும் உரிய எண்களைக் கூட்டி 12.1ஐக் கழிக்க வேண்டும். நம் ஊர்க் குளம் 29 பாகை செல்சியஸ் என்றால் வெப்ப எண் 0.7. மற்ற இரண்டுக்கும் அட்டவணை சோதனைப் பெட்டிப் புத்தகத்திலேயே இருக்கும்.

நிரப்பியவுடன் ஒரு குளம் பிஎச் 7.5, கால்சியம் 25, ஆல்கலினிட்டி 25 காட்டுவதாக வைப்போம். 7.5 + 0.7 + 1.0 + 1.4 − 12.1 = −1.5. கடும் பசி. சுழியத்துக்கு இரு பக்கமும் 0.3 வரைதான் ஏற்கலாம். இப்போது கால்சியத்தை 250க்கும் ஆல்கலினிட்டியை 100க்கும் உயர்த்தி, பிஎச்சை 7.4இல் நிறுத்துவோம். 7.4 + 0.7 + 2.0 + 2.0 − 12.1 = 0. பசி அடங்கியது. வெயில் காப்பான் இருந்தால் அதன் அளவில் மூன்றில் ஒரு பங்கை ஆல்கலினிட்டியிலிருந்து கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது இன்னும் சரி.

கால்சியம் கூட்டக் கால்சியம் குளோரைடு. இது கரையும்போது வெப்பத்தை வெளியிடும்; வாளி சுடும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் நீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூள். சமையல் சோடாவையும் இதையும் ஒரே நாளில் கொட்டினால் குளம் பால்போல வெளுத்துவிடும். அந்தப் பால் கால்சியம் கார்பனேட். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். ஓடு பதிக்காத பிளாஸ்டிக் விரிப்புக் குளமோ ஃபைபர் குளமோ வைத்திருப்பவர்களுக்குக் கால்சியம் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம்.

வெயிலும் அதன் காப்பானும்

இனி வருவதுதான் பலரின் பணமும் பொறுமையும் கரையும் இடம்.

குளோரினை நண்பகல் வெயிலில் வெறும் நீரில் விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். புற ஊதாக் கதிர் அதை உடைத்துக் குளோரைடாக்கிவிடுகிறது. ஆகவே சயனூரிக் அமிலம் என்ற காப்பானைச் சேர்க்கிறார்கள். கடையில் ‘ஸ்டெபிலைசர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். இது குளோரினைத் தளர்வாகப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். 30 முதல் 50 பிபிஎம் போதும். பிடித்து வைத்திருக்கும் குளோரின் அந்நேரம் கிருமியைக் கொல்லாது. சோதனைப் பெட்டி அதையும் சேர்த்தே எண்ணிக் காட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வாங்கிய வீட்டின் குளத்தை அரை ஆண்டாக அக்கறையோடு பார்த்துக்கொண்டது. மிதவையில் வைக்கும் வெள்ளை மாத்திரைகளைத் தவறாமல் போட்டார்கள். குளோரின் எப்போதும் 3 காட்டியது, பிஎச் 7.4. எல்லாம் புத்தகப்படி. ஆனால் படிக்கட்டு ஓரத்தில் பச்சை வழுவழுப்பு. கடையில் பாசிக்கொல்லி கொடுத்தார்கள். போனது, வந்தது. மறுபடியும் கொடுத்தார்கள். அந்த வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தினமும் மாலையில் இறங்கி விளையாடும். நீரையும் கொஞ்சம் குடிக்கும். அம்மாவின் கவலை பாசி அல்ல. பாசியே சாகாத நீரில் வேறு என்னென்ன சாகாமல் இருக்கும் என்பதுதான்.

சரியான கேள்வி. காப்பான் இல்லாத 1 பிபிஎம் குளோரினில், பிஎச் 7.5இல், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் இ.கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஜியார்டியாவுக்கு முக்கால் மணி நேரம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்குப் பத்து நாளுக்கும் மேல். இவை நல்ல குளத்தின் எண்கள். காப்பான் மிஞ்சிய குளத்தில் எல்லாமே நீளும். அதனால்தான் வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை எந்தக் குளத்திலும் இறக்கக்கூடாது.

நான் அவர்களின் காப்பான் அளவைப் பார்க்கச் சொன்னேன். இந்தச் சோதனையில் நீரோடு மெலமைன் கரைசலைச் சேர்ப்போம், நீர் கலங்கும். அடியில் ஒரு கரும்புள்ளி உள்ள குழாயில் கலங்கலை ஊற்றிக்கொண்டே வந்து, புள்ளி எப்போது மறைகிறதோ அங்கே எண்ணைப் படிக்க வேண்டும். அவர்கள் குளத்தில் 100 கோட்டுக்கு வருமுன்பே புள்ளி மறைந்துவிட்டது. நீரைச் சரிபாதி குழாய் நீரோடு கலந்து மறுபடி பார்த்தால் 75. ஆக, உண்மை அளவு 150.

எங்கிருந்து வந்தது? அந்த மாத்திரையிலிருந்தே. டிரைகுளோர் என்ற அந்த மாத்திரை குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்த பொருள். 10 பிபிஎம் குளோரின் தரும்போது 6 பிபிஎம் காப்பானையும் விட்டுச் செல்லும். குளம் நாளொன்றுக்கு 2 பிபிஎம் குளோரினைச் செலவழித்தால் காப்பான் நாளுக்கு 1.2 ஏறும், மாதத்துக்கு 36. குளோரின் செலவாகிவிடும், காப்பான் செலவாகாது. ஆவியாகாது, வடிகட்டியிலும் நிற்காது. மழையும் வடிகட்டிக் கழுவலும் கொஞ்சம் குறைத்திருக்கும். ஆனால் அந்தக் குளத்தின் மேல் பெரும்பகுதி கூரை. அரை ஆண்டில் 150 என்பது வியப்பே இல்லை.

குளோரின் அளவு காப்பான் அளவில் ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுக் கணக்கு. காப்பான் 40க்கு 2 பிபிஎம் போதும். 150க்கு 7.5 வேண்டும். அவர்கள் 3 வைத்திருந்தார்கள், அதுவும் பெட்டியில் அச்சிட்டபடியே. நீர் தெளிவு, எண் சரி, காவல் மட்டும் இல்லை.

இதற்கு மருந்து கிடையாது. நீரை மாற்றுவதுதான் வழி. 150ஐ 50ஆக்க மூன்றில் இரண்டு பங்கு நீரை வெளியேற்ற வேண்டும். நம் 40,000 லிட்டர் குளத்தில் அது ஏறக்குறைய 27,000 லிட்டர். ஒரே மூச்சில் காலி செய்யாதீர்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருந்தால், காலியான குளத்தொட்டி படகைப்போல மிதந்து எழ முயலும், சுவர் வெடிக்கும். பகுதி பகுதியாக இறைத்து நிரப்புங்கள். அதன்பின் அந்தக் குடும்பம் திரவக் குளோரினுக்கு மாறியது. மாத்திரையை வெளியூர் போகும் வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் நம் மென்னீருக்கு நல்லது. குளோரினோடு கால்சியத்தையும் தருகிறது. 10 பிபிஎம் குளோரினுக்கு ஏறக்குறைய 7 பிபிஎம். எதைப் போட்டாலும் சூரியன் இறங்கிய பிறகு போடுங்கள். இரவு முழுதும் அது வீணாகாமல் வேலை செய்யும்.

‘உப்பு நீர்க் குளம், குளோரினே இல்லை’ என்று விற்கிறவர்கள் உண்டு. உப்பை மின்னாற்பகுத்து அங்கேயே குளோரின் தயாரிக்கும் கருவி அது. படிவம் 5 மாணவரிடம் கேளுங்கள். நேர்மின்வாயில் என்ன வாயு வரும் என்று சொல்லிவிடுவார்.

வாசம் அடித்தால் சுத்தமா?

பொதுக் குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் “நல்லா குளோரின் போட்டிருக்காங்க” என்கிறோம். அது பெரும்பாலும் குளோரமைன் நெடி. வியர்வை, சிறுநீர் இவற்றிலுள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் கூடும்போது உண்டாவது. கண் சிவப்பதற்கும் தொண்டை அரிப்பதற்கும் அதுவே முக்கியக் காரணம். சோதனைப் பெட்டியில் மொத்தக் குளோரினிலிருந்து தனிக் குளோரினைக் கழித்தால் இந்தக் கூட்டுக் குளோரின் கிடைக்கும். 0.5ஐத் தாண்டினால் குளோரினைக் குறைக்கக்கூடாது, கூட்ட வேண்டும். கூட்டுக் குளோரினின் பத்து மடங்குக்குத் தனிக் குளோரினை ஏற்றினால் குளோரமைன்கள் உடைந்து நைட்ரஜன் வாயுவாக வெளியேறும். அன்று யாரும் இறங்கக்கூடாது. குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிப்பது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை.

சோதனையிலேயே ஒரு பொறி உண்டு. குளோரினுக்கு இளஞ்சிவப்பு காட்டும் மருந்து, குளோரின் மிக அதிகமானால் வெளுத்து நிறமற்றுப் போகும். “குளோரினே இல்லை” என்று நினைத்து இன்னும் கொட்டுவார்கள். மாத்திரையை நசுக்கிய நொடியில் சிவந்து மறைகிறதா என்று கவனியுங்கள். ஐயமிருந்தால் மாதிரியை ஐந்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். மாதிரியை மேற்பரப்பில் எடுக்காமல் முழங்கை ஆழத்தில், நீர் உள்ளே வரும் துளைக்குத் தள்ளி எடுங்கள்.

குளோரின் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் இரவுச் சோதனை செய்யலாம். இருட்டியதும் ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை அளங்கள். இரவில் வெயில் இல்லை. ஆனாலும் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் நீருக்குள் எதையோ அது எரித்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குப் பாசி தெரிவதற்குச் சில நாள் முன்பே இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

மழை

ஒரு பெருமழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் நம் குளத்தின் 32 சதுர மீட்டர் பரப்பில் 1,600 லிட்டர் விழும். அவ்வளவும் வழிந்தோடும், கூடவே நான்கு விழுக்காடு அளவுக்கு ஆல்கலினிட்டியும் கால்சியமும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் இடத்தில் கூரையில்லாத குளத்தில் விழுவது 76,800 லிட்டர். குளத்தின் கொள்ளளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆவியாகும் நீரைக் கழித்தாலும், சமையல் சோடா மூட்டை ஏன் தீர்ந்துகொண்டே இருக்கிறது என்பது புரியும். பெருமழைக்கு மறுநாள் ஆல்கலினிட்டி, குளோரின் இரண்டையும் பாருங்கள். மற்ற நாள்களில் குளோரினும் பிஎச்சும் வாரம் இரண்டு மூன்று முறை, கால்சியமும் காப்பானும் மாதம் ஒருமுறை போதும்.

விடுமுறைக்குப் போய் மூன்று வாரம் குளத்தைக் கைவிட்டால் பாசியோடு நிற்காது. ஏடிஸ் கொசுவும் குடியேறும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் வீட்டுக் குளத்துக்கும் பொருந்தும்.

ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் எந்தக் குளோரின் பொருளும் சந்தித்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும். ஒரே வாளியை இரண்டுக்கும் பயன்படுத்துவதே போதும் விபத்துக்கு. இதைவிடக் குறைவாகத் தெரிந்த ஆபத்து: டிரைகுளோர் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும். இரண்டும் குளோரின்தானே என்று ஒரே மிதவையில் போட்டால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். மாத்திரை வைத்த மிதவையில் வேறெதையும் வைக்காதீர்கள். கழுவிவிட்டேன் என்றாலும் வேண்டாம். எப்போதும் நீரில்தான் பொருளைச் சேர்க்க வேண்டும், பொருளின்மேல் நீரை ஊற்றக்கூடாது. கண்ணாடி, கையுறை, காற்றோட்டம். அமிலக் கலன் தரையில், தூள் உயரத்தில், நடுவே நல்ல இடைவெளி, கதவில் பூட்டு.

படிவம் 4, 5 மாணவர்களுக்கு இரு கணக்குகள்

ஒன்று: 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் சராசரி ஆழமுள்ள குளத்தில் ஆல்கலினிட்டி 60. அதை 90ஆக்க எவ்வளவு சமையல் சோடா வேண்டும்?

இரண்டு: அதே குளத்தில் மொத்தக் குளோரின் 2.4, தனிக் குளோரின் 1.8. கூட்டுக் குளோரினை உடைக்க 65 விழுக்காட்டுத் தூள் எத்தனை கிராம்?

விடை: குளம் 70 கன மீட்டர். முதலாவது, 30 × 70 × 1.68 = 3,528 கிராம், சுமார் மூன்றரை கிலோ. இரண்டாவது, கூட்டுக் குளோரின் 0.6, இலக்கு அதன் பத்து மடங்கு, 6 பிபிஎம். ஏற்கெனவே 1.8 இருப்பதால் கூட்ட வேண்டியது 4.2. 4.2 × 70 = 294 கிராம் குளோரின்; 0.65ஆல் வகுத்தால் 452 கிராம். மாலை ஏழரைக்குப் பிறகு போடுங்கள்.